வெள்ளைச்சுவருக்கு வந்த கூட்டம்

துரைராஜ் கிடங்கின் வாசலிலேயே நின்று பேசினார். உள்ளே வரவில்லை.

“சார், ஜிம் வைக்கிறேன்னு ஒரு பையன் கேட்டுகினே கீறான். அம்மா மொகத்துக்காக நானும் தள்ளிப் போட்டுகினே வந்தேன். இப்ப அம்மாவே இல்ல. இன்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க.”

அம்மா என்று அவர் சொன்னது என் மனைவியை. சத்யபிரியா. போன மழைக்காலத்தில் டெங்கு வந்தது. தீபாவளிக்கு முன்பே போய்விட்டாள்.

அவர் கேட்டது கிடங்கைப் பற்றி. பம்மலில் தோல் பதனிட்ட காலத்தில் அவருடைய அப்பா நிலத்தை விற்காமல் கிடங்கு கட்டி வாடகைக்கு விட்டார். தோல் போன பிறகு யாரும் வாடகைக்கு வரவில்லை. மழை பெய்தால் தரையிலிருந்து இன்றும் தோல் நாற்றம் எழும். பூட்டிக் கிடந்ததைச் சத்யா கேட்டாள். கரண்ட் பில் கட்டினால் போதும், ஆள் கிடைக்கிற வரைக்கும் வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். அவளும் அவளுடன் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஜான்சியும் சேர்ந்து சுண்ணாம்பைச் சுரண்டி, வெள்ளையடித்து, மேலே விளக்குகள் போட்டார்கள். வெள்ளைச்சுவர் என்று பெயர் வைத்தார்கள். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஓவியம் பார்க்க என்று இருந்த ஒரே அறை அதுதான் என்று சத்யா சொல்வாள். நான் சரிபார்த்ததில்லை.

“இப்பவும் ஞாயித்துக்கிழமை திறக்கிறோமே” என்றேன்.

“தொறக்கிறீங்க. யாரு வரா? நானும் எதுத்தாப்ல தான கீறேன். ஒரு நாய் வருது. அது கரெக்டா வருது.”

அவர் சொன்னது பொய்யில்லை. விளக்கின் சூட்டில் ஒரு செவலை நாய் வந்து படுக்கும். ஜான்சி அதற்கு ‘விமர்சகர்’ என்று பெயர் வைத்திருந்தாள். எந்தப் படத்தின் முன்னால் படுக்கிறதோ அது நல்ல படம்.

“ஒரு தபா பெருசா வைங்க” என்றார் துரைராஜ். “நான் சம்சாரத்த இட்டுகினு வரேன். சனம் வந்துச்சுன்னா அந்தப் பையன வேற எடம் பாத்துக்கச் சொல்லிடுறேன். இந்த ரூமு உங்களுது. வரலன்னா நீங்களே சாவியக் குடுத்துடுங்க. எனக்கும் மனசு கஷ்டம் இல்லாத பூடும். சரியா?”

“சரி” என்றேன்.

எனக்கு ஓவியம் தெரியாது. தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் பம்ப்புகளைச் சோதித்து அனுப்புகிற வேலை. அவள் போனதிலிருந்து எதுவும் வேண்டும் என்று தோன்றியதில்லை, சாப்பாடு உட்பட. இந்த அறை மூடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. காரணம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஜான்சியிடம் சொன்னேன். அவள் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். மரக்கட்டையில் செதுக்கி அச்சுப் படம் எடுப்பாள். கை எப்போதும் மையாக இருக்கும்.

“யார் படத்தை வைக்கிறது?” என்றாள்.

“சத்யாவோடது.”

சத்யா தன் படம் ஒன்றைக்கூட அங்கே மாட்டியதில்லை. நடத்துகிறவள் தன் படத்தையே மாட்டினால் அது கேலரி இல்லை, வீட்டு வரவேற்பறை என்பாள். இன்னும் சில விதிகள் வைத்திருந்தாள். ரிப்பன் வெட்டுவது கிடையாது. பொன்னாடை கிடையாது. வார்டுக் கட்சிக்காரர்கள் பெயர் போட்ட ஃப்ளெக்ஸ் கிடையாது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றால், போட்டுக்கொள்ளச் சொல்வாள். ‘எதாவது ஹெல்ப் பண்ணணுமே’ என்று யாராவது பர்சைத் தொட்டால், ‘அடுத்த வாட்டி வரப்போ இன்னொருத்தரைக் கூட்டிட்டு வாங்க, அதான் ஹெல்ப்’ என்பாள். எல்லோரும் சரி என்பார்கள். முகம் மலர்ந்து சொல்வார்கள். பிறகு அவர்களும் வருவதில்லை.

“இப்ப அவ நடத்தல. மாட்டலாம்” என்றாள் ஜான்சி.

அழைப்பை அவள்தான் எழுதினாள். ‘சத்யபிரியா. ஓவியங்கள். ஞாயிறு முழுவதும் திறந்திருக்கும். வந்து பாருங்கள்.’ கீழே முகவரி. என் போனில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பினேன். ஆபீஸ் குரூப், அபார்ட்மென்ட் குரூப், ஸ்கூல் குரூப், இரண்டு பக்கத்துச் சொந்தக்கார குரூப்.

கட்டைவிரல்கள் வந்தன. கைகூப்புகள் வந்தன. ‘வாழ்த்துகள் சுகுமார், கலை வளர்க்கும் பணி தொடரட்டும்.’ ‘சூப்பர் புரோ, கண்டிப்பா டிரை பண்றேன்.’ ‘மச்சான் அன்னிக்கு மேட்ச் இருக்குடா.’ அபார்ட்மென்ட் செயலாளர் இது விளம்பரத்துக்கான குரூப் அல்ல என்று பொதுவாக ஒரு செய்தி போட்டார். பம்மல் எங்கே என்று அடுத்த ஊரான பல்லாவரத்தில் இருக்கிற ஒருவர் கேட்டார்.

வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் பார்த்தேன். பிறகு நானே இன்னொன்று எழுதினேன். ‘என் மனைவி சத்யபிரியாவின் முதலாம் ஆண்டு நினைவாக, அவர் வரைந்த ஓவியங்களின் கண்காட்சி. அனைவரும் வந்து கலந்துகொள்ளவும். காலைச் சிற்றுண்டி உண்டு.’ அவளுடைய கல்யாணப் போட்டோ ஒன்றையும் சேர்த்தேன்.

போன் அடங்கவில்லை. ‘கட்டாயம் வரோம்ப்பா.’ ‘நாங்க மூணு பேர், அம்மாவையும் கூட்டிட்டு வரேன்.’ ‘மதுராந்தகத்துலேர்ந்து வேன் போட்டுட்டு வரோம்.’ மேட்ச் என்று சொன்னவன் போனில் அழுதான். அத்தை, சத்யாவின் அம்மா, சுபத்ரா, தன் பங்குக்கு ஒரு ஊரையே கூப்பிட்டார். திதி முந்தின வாரமே முடிந்திருந்தது. அது யாருக்கும் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

ஜான்சி அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

“இது ஷோவா, திதியா?”

“ஆள் வரணும்ல.”

“வந்து எதைப் பாப்பாங்க?”

“உள்ள வந்துட்டா பாத்துத்தானே ஆகணும். சுவர் பூரா படம்தானே இருக்கு.”

“பைப்புல தண்ணிய விட்டா அந்தப் பக்கம் வந்துதானே ஆகணும்னு நெனைக்கிற. உன் பம்ப் இல்ல சுகுமார் இது.”

“துரைராஜ் தலையத்தான் எண்ணுவாரு. என்ன பாக்கிறாங்கன்னு எண்ண மாட்டாரு.”

“ஆமா. அதான் பயமா இருக்கு” என்றாள்.

சனிக்கிழமை மாட்டினோம். பீர்க்கன்கரணையில் என் வீட்டிலிருந்து சின்ன லோடு வண்டியில் படங்களைப் போர்வை சுற்றி எடுத்து வந்தேன். ஜான்சி சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அது என் கழுத்துக்கும் கீழே இருந்தது.

“இவ்ளோ கீழயா?”

“நாலு மாசம் சண்டை போட்டு முடிவு பண்ணின உயரம். எல்லா கேலரிலயும் ஆம்பள கண்ணுக்கு மாட்டுவாங்க. இங்க பொம்பள கண்ணு உயரம். நம்ம ஊர் பொம்பள. நீ குனிஞ்சு பாத்துக்கோ.”

குனிந்து பார்த்தேன். கோவளத்தில் மீன் ஏலம் என்று ஒரு படம். ஆட்கள் இல்லை, கைகள் மட்டும், நீட்டியும் மடக்கியும். பீர்க்கன்கரணை ஏரி, ஆகாயத்தாமரை மூடியது, அதற்குமேல் எங்கள் அபார்ட்மென்ட் பால்கனிகளின் துணிகள். ஏரியில் தண்ணீரே தெரியாது. துணிகளிலிருந்து சொட்டுவது மட்டும்தான் தண்ணீர். எலெக்ட்ரிக் ரயிலில் லேடீஸ் பெட்டி. கூட்டம் முழுக்க நம்மைப் பார்க்கிறது, ஜன்னலோரம் ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறாள், சடையில் ஒரு மலிவு கிளிப். இவளுக்கு மட்டும் முகம் கிடையாது. கடைசியில் சத்யா தன்னையே வரைந்தது. தலைக்குக் குளித்து ஈரத்தோடு, பொட்டில்லாமல், யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பி எரிச்சலோடு பார்க்கிறாள். கூப்பிட்டது நானாக இருக்கலாம்.

அந்தப் படத்துக்கு மேல் ஜான்சி விளக்கைத் திருப்பி வைத்தாள். முடித்ததும் நடுவில் வந்து நின்று சுற்றிப் பார்த்தாள்.

“நல்லா இருக்குடி” என்றாள். என்னிடம் இல்லை.

ஞாயிறு காலை சீக்கிரமே தினகரன் மாமா வந்துவிட்டார். அத்தையின் தம்பி. எந்தக் காரியத்துக்கும் முன்னால் நிற்கிறவர். கூடவே ஒரு குட்டியானை வண்டி நிறைய பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பெரிய அண்டாவில் பொங்கல், வடை, சாமியானாவுக்கு நாலு கம்பு.

“நாற்காலி எதுக்கு மாமா?” என்றேன்.

“வயசானவங்கல்லாம் வராங்க மாப்ள, நிக்க வச்சா அனுப்புவ? நீ போய் குளிச்சிட்டு வேட்டி கட்டிட்டு வா. பேன்ட்ட போட்டுட்டு நிக்கிற.”

நாற்காலிகளை நடுவில் போட்டால் பந்தி போல இருக்கும் என்று நாலு சுவரையும் ஒட்டிப் போட்டார்கள். முதுகு சுவரைப் பார்த்து. படங்களின் அடிச்சட்டம் நாற்காலி முதுகுக்கு மேல் ஒரு சாண்தான் இருந்தது. உட்கார்ந்தால் ஒவ்வொரு தலையும் ஒரு படத்தை மறைத்தது.

ஜான்சி ஒரு நாற்காலியைத் தூக்கி நடுவில் வைத்தாள். மாமா அதைத் திரும்பவும் சுவரோரம் வைத்தார். அவள் மறுபடி எடுத்தாள்.

“யாரும்மா நீ, கேட்டரிங்கா?” என்றார்.

“இல்ல சார். நீங்க கேட்டரிங், நான் கேலரி.”

“ரெண்டும் ஒண்ணுதான், வர்றவங்க மனசு நிறையணும்” என்று சொல்லிவிட்டு நாற்காலியை வைத்தார். சிரித்துக்கொண்டே வைத்தார். அவரிடம் கோபப்படவும் முடியாது.

பிறகு கூட்டம் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். மதுராந்தகம் வேன் வந்தது. ஆபீசிலிருந்து ஒரு பிரிவே வந்தது. எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர் குடும்பத்தோடு வந்தார். செருப்புகள் வாசலைத் தாண்டி ரோட்டில் ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் கிடந்தன. யாரும் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை.

ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். “சுமங்கலியாப் போனா, புண்ணியவதி.” “உனக்கென்ன வயசாயிடுச்சு, ஒண்ணும் யோசிக்காத, அடுத்தது பாக்கணும்.” ஒருவர் அடுத்ததைப் பற்றி அங்கேயே பேச ஆரம்பித்தார். செங்கல்பட்டில் ஒரு பெண் இருக்கிறதாம். டீச்சராம். இவர் சாய்ந்துகொண்டிருந்தது மீன் ஏலத்தின் மேல். சட்டை முதுகு ஈரமாக இருந்தது.

ஒரு அம்மா கைப்பையை ஏரிப் படத்தின் சட்டத்து மூலையில் மாட்டிவிட்டு வடை சாப்பிட்டார். ஜான்சி போய்ப் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். “இங்கயே இருக்கட்டும்மா, யாரும் எடுக்க மாட்டாங்க” என்றார் அவர்.

துரைராஜ் சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மனைவி சாமுண்டீஸ்வரி பட்டுப்புடவையில் பின்னால் வந்தார். துரைராஜ் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். கண் விரிந்தது. உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார். ஆட்களைத்தான்.

“இன்னா சார் இது! எங்க வூட்டுக் கல்யாணத்துக்குக் கூட இவ்ளோ சனம் வரல.”

“சொன்னேனே சார், வருவாங்கன்னு.”

“சொன்னீங்க. நான்தான் நம்பல” என்று என் தோளைத் தட்டினார். ஒரு வருடத்தில் முதல்முறையாக எனக்கு மூச்சு நன்றாக வந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அத்தை மாலையோடு வந்தார். சம்பங்கி மாலை, ஆள் உயரம். இன்னொருவர் கையில் தட்டு. சந்தனம், குங்குமம், ஊதுபத்தி. கூட்டம் தானாக வழி விட்டது. நேராகச் சத்யா தன்னை வரைந்த படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வேளை அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். முகம் கோணியது.

“நெத்தி காலியா இருக்கே. இப்டியா என் பொண்ணு இருப்பா?”

ஜான்சி கூட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். “ஆன்ட்டி, வேணாம், அது கேன்வாஸ், கண்ணாடி கிடையாது” என்று அங்கிருந்தே கத்தினாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நான் படத்துக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டினால் தட்டைத் தடுத்திருக்கலாம். துரைராஜ் எனக்கு நேர் எதிரே கைகூப்பி நின்றார். அவர் முகத்தில் பக்தி போல ஒன்று இருந்தது. இப்போது நான் கத்தினால் இந்தக் கூட்டம் கலையும், அவர் பார்த்தது கலையும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் நகரவில்லை.

அத்தை மோதிர விரலால் சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் வைத்தார். அதன் மேல் குங்குமம். அவருக்குப் பிறகு பெரியம்மா, சித்தி, மதுராந்தகத்துக்காரர்கள், வரிசையாக வந்து ஆளுக்கொரு பொட்டு வைத்தார்கள். சுமங்கலிப் படம், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குங்குமம் ஈரச் சந்தனத்தோடு கரைந்து புருவத்தின் மேல் இறங்கியது. மாலையின் பாரத்தில் படம் ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே குத்துவிளக்கு ஏற்றினார்கள். யாரோ ஒரு நிமிடம் மௌனம் என்று சொன்னார்கள். எல்லோரும் தலை குனிந்தார்கள். அறை முழுக்க ஆட்கள், நாலு சுவரிலும் படங்கள், அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் குனியவில்லை. அதனால் பார்த்தேன். இன்னொருவரும் குனியவில்லை.

சாமுண்டீஸ்வரி. ரயில் படத்துக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் ஒருக்களித்து நின்றிருந்தார். உயரம் சரியாக இருந்தது. படத்தின் நடுப்பகுதியும் அவர் கண்ணும் ஒரே கோட்டில்.

மௌனம் முடிந்ததும் பக்கத்தில் போனேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

“இந்தப் பொண்ணு யாரு தம்பி?”

“யாருன்னு தெரியலம்மா. ரயில்ல பாத்ததா இருக்கும்.”

“ஏன் மூஞ்சத் திருப்பிகினு கீது?”

“தெரியல.”

“எல்லாம் நம்மள மொறைக்குதுங்க. இது மட்டும் இன்னாத்தையோ நெனச்சுகினு கீது.” கொஞ்சம் கிட்டே போனார். “ஊட்டுக்குப் போவுதா, ஊட்ட வுட்டுப் போவுதா?”

நான் படத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே சத்யா வரைந்திருந்தது வெளிச்சமா இருட்டா என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு நிறம்.

“எதுவா இருக்கும்னு தோணுது உங்களுக்கு?” என்றேன்.

“அதான் பாத்துகினு கீறேன், இரு.” சிரித்தார். “அந்தக் கிளிப்பு என்னாண்டயும் ஒண்ணு இருந்துச்சு. அதில்ல, அந்தத் தோளப் பாரேன். அழுவல. ஆனா...”

“ஏ சாமுண்டி! இன்னா அங்க? பொங்கல் ஆறிப் போவுது, வா!” என்று துரைராஜ் குரல் கொடுத்தார்.

“சாப்பாட்டுல தான் இருப்பாரு” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். வாசல் பக்கம் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் கூட்டம் கலைந்தது. ‘நல்லா நடத்திட்ட’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆபீஸ்காரர்கள் மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

ஜான்சி மாலையைக் கழற்றினாள். பஞ்சை நனைத்து நெற்றியில் ஒற்றினாள். குங்குமம் பரவியது. சிவப்பு சாயம் கேன்வாஸ் நூலுக்குள் இறங்கியிருந்தது. இன்னும் ஒற்றினால் சத்யா பூசிய நிறமும் வரும் என்றாள். பஞ்சைக் கீழே போட்டாள்.

“பக்கத்துலதானே நின்ன.”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“ரூம் நமக்குக் கிடைச்சிடும் ஜான்சி. துரைராஜ் ஆடிப் போயிட்டாரு. நீயும் பாத்தல்ல.”

அவள் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.

அந்தச் சமயம் துரைராஜ் உள்ளே வந்தார். கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

“சார், அந்த ஜிம்மு பையனுக்கு அங்கயே போனப் போட்டு இல்லைன்னுட்டேன்.”

நான் ஜான்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“இன்னிக்குத்தான் எனக்கு வெளங்குச்சு சார். இந்த எடம் எதுக்குப் பொறந்துச்சுன்னு. பம்மல்ல கல்யாணத்துக்கு மண்டபம் கீது, காது குத்துக்கு ஹாலு கீது. ஒருத்தர் பூட்டா பதினாறாம் நாளு படத்த வச்சு நாலு பேர் உக்காந்து பேச எடம் கீதா? தெருவ அடைச்சு பந்தல் போடுறான், போலீஸ் வந்து பேஜார் பண்றான். இங்க பாருங்க, வெள்ளச் செவுரு, மேல லைட்டு, சுத்தி சேரு. அமைதியா, எவ்ளோ சோக்கா இருந்துச்சு! அம்மா நமக்கு வழி காட்டிட்டுப் போயிருக்காங்க.”

“சார், நீங்க ஆள் வந்தா ரூம் எங்களுதுன்னு சொன்னீங்க” என்றேன்.

“உங்களுதுதான் சார்! அம்மா பேரத்தான் வெக்கப் போறேன். சத்யபிரியா நினைவு அரங்கம். நடுவுல அவங்க படம். எத்தினி காரியம் நடந்தாலும் மொத விளக்கு அவங்களுக்கு. இதுக்கு மேல இன்னா வேணும்?”

அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே கலங்கியிருந்தது. ஏமாற்றுகிறவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

“சார், அவ இதைப் படம் பாக்கிறதுக்காக வச்சா” என்றாள் ஜான்சி.

“யாரு பாத்தாங்க கண்ணு? மனசுல கை வச்சுச் சொல்லு. நீ வந்து ஒரு வருசமா ஈ ஓட்டுன. இன்னிக்கு அவங்களுக்காக எவ்ளோ சனம் வந்துச்சு!”

“அவளுக்காக இல்ல சார், அவ செத்ததுக்காக.”

“ரெண்டும் இன்னா வேற வேறயா?” என்றார். நிஜமாகவே கேட்டார்.

ஜான்சி படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனாள். அவளுடைய செருப்பைத் தேடக் கொஞ்ச நேரமானது. கிடைத்ததும் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

அடுத்த வாரம் மற்ற படங்களை எடுக்கப் போனேன். வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நான் அனுப்பிய கல்யாணப் போட்டோவை அத்தை கொடுத்திருந்தார். சத்யா நெற்றிச்சுட்டி வைத்து, பவுடர் பூசி, யாருடைய கல்யாணத்துக்கோ வந்த மாதிரி சிரித்தாள். ரத்தினம் என்கிற ஒரு ஓய்வுபெற்ற டிரைவரின் பதினாறாம் நாள் மறுநாளே இருந்தது. முதல் நிகழ்ச்சி. சாமியானா லாரி ரோட்டில் காத்துக்கொண்டிருந்தது.

“லைட்டு மட்டும் இருக்கட்டும் சார்” என்றார் துரைராஜ். “படத்து மேல கரெக்டா அடிக்குது.”

விட்டுவிட்டேன். கழற்றி எங்கே வைப்பது.

படங்களைப் போர்வையில் சுற்றி, லோடு வண்டியில் சாத்தி, கயிறு கட்டி முடித்தபோது சாமுண்டீஸ்வரி எதிர் வீட்டிலிருந்து வந்தார். நைட்டிக்கு மேல் துண்டு, கையில் மாவு ஒட்டியிருந்தது.

“எல்லாத்தையும் ஏத்திட்டியா தம்பி? அந்த ரயிலு?”

“அதுவும்தான்.”

“நேத்தே வந்து பாக்கணும்னு நெனச்சேன். சாவி அவராண்ட. கேட்டா எதுக்குங்கிறாரு. படம் பாக்கணும்னா சிரிக்கிறாரு.” கயிற்றுக்குள் இருந்த மூட்டைகளைப் பார்த்தார். “எதுல கீது அது?”

காட்டினேன். நீலப் போர்வை. கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நிறுத்தாமல் அடித்தான். துரைராஜ் வாசலிலிருந்து, “சார், வண்டிய எடுங்க, சாமான் எறக்கணும்!” என்றார்.

“வுடு தம்பி, வேணாம்” என்றார் சாமுண்டீஸ்வரி. “எங்க வெக்கப் போற?”

“வீட்டுலதான். பீர்க்கன்கரணை. எப்ப வேணா வந்து பாருங்கம்மா.”

“நான் எப்டி வர்றது?” என்றார். “ஆம்பள தனியா கீற வூட்டுக்கு படம் பாக்கப் போறேன்னு யாராண்ட சொல்லிட்டு வருவேன்? இங்கன்னா மாவு அரைச்சுகினு இருக்க சொல்லவே ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருப்பேன். யாரையும் கேக்க வேணாம்.”

நான் நீலப் போர்வையைப் பார்த்தேன்.

“இத்தினி வருசம் எதுத்தாப்லயே இருந்துச்சு. உள்ள வுடுவாங்களோ மாட்டாங்களோன்னு இருந்துட்டேன்.”

ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். நீலப் போர்வையைத் தொடவில்லை. கயிற்றின் தளர்ந்த முனையை எடுத்து என்னிடம் கொடுத்தார். இறுக்கிக் கட்டினேன். எங்கள் லோடு வண்டி டிரைவர் வண்டியை எடுத்தான். லாரி உள்ளே போனது.